ரத்னாபாய் பிடி

கலயத்தைத் தூக்கிய தாசம்மாளின் கைகள் வேண்டியதைவிட உயரத்துக்குப் போய்விட்டன. நடந்தது அவ்வளவுதான். மாதத்தின் கடைசி ஞாயிறு. ஆராதனை முடிந்து, தேவாலய முற்றத்து மாமரத்தடியில் பெண்கள் ஆளுக்கொரு பிடியரிசிக் கலயத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள். வீடு வீடாகப் போய் வேதம் வாசிக்கிற தாசம்மாள் அவற்றை ஒவ்வொன்றாக வாங்கிப் பெரிய ஓலைப்பெட்டியில் கொட்டிக்கொண்டு வந்தாள். ரத்னாபாயின் முறை வந்ததும் வழக்கம்போல முந்தானையை இடுப்பில் செருகி, காலை அகட்டி வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினாள். கலயம் ஒரு துள்ளலில் அவள் மார்புவரை வந்துவிட்டது. பின்னால் நின்ற ஒருத்திக்குச் சிரிப்பு வந்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டாள்.

"அதுக்கென்ன ரத்னாபாய், பஞ்ச காலம்லா. ஆண்டவருக்குத் தெரியாதா?" என்றாள் தாசம்மாள்.

திட்டியிருந்தால்கூட ரத்னாபாய் தாங்கியிருப்பாள். இந்த ஆறுதலைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. சோற்றுக்கு அரிசி அளந்து சுளகில் போட்டுக் கல் பொறுக்கியதும், உலையில் இடுமுன் ஒரு பிடி அள்ளி ஆண்டவருக்கென்று கலயத்தில் போடுவது சபைப் பெண்கள் எல்லோருக்கும் பழக்கம். அதில் ரத்னாபாயின் கை பேர்போன கை. பனையேறியின் மகள், அப்பனுடைய அகன்ற உள்ளங்கை அவளுக்கு அப்படியே வாய்த்திருந்தது. கல்யாணமான புதிதில் அவள் அள்ளிய முதல் பிடியைப் பார்த்து, 'இவ ஆண்டவருக்கே சோறு பொங்கிடுவா போலிருக்கே' என்று மாமியார் நெஞ்சில் கைவைத்தாளாம். பிறகு சபையில் யாராவது தாராளமாகக் கொடுத்தால் 'அது ரத்னாபாய் பிடி' என்று சொல்லுகிற அளவுக்குப் போய்விட்டது. அந்தப் பெயரை அவள் வெளியே பெரிதாகக் காட்டிக்கொண்டதில்லை. உள்ளுக்குள் அதைத் தினமும் துடைத்து வைத்திருந்தாள்.

பெயர் போனாலும் போகட்டும், விஷயம் அதோடு நிற்கவில்லை. ஒரே மகன் ராஜமணி யுத்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அசாமுக்கு ரோடு போடப் போனதிலிருந்து அவள் ஒவ்வொரு பிடியையும் அவன் பெயர் சொல்லித்தான் போட்டு வந்தாள். கண்ணை மூடி, 'ராஜமணி' என்று சொல்லி, கையைக் கலயத்துக்குள் திறப்பாள். அங்கே மலைக்காய்ச்சலில் ஆட்கள் விழுகிறார்கள் என்று பேச்சு வந்தபோதும், அவனிடமிருந்து தகவல் நின்றுபோனபோதும், கலயம் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் இருந்தாள். நல்ல விசுவாசம் இப்படிக் கணக்கு வைத்துக்கொள்ளாது என்று போதகர் கேட்டால் சொல்லியிருப்பார். அதனால்தான் அவள் போதகரிடம் கேட்கவில்லை.

ஆகவே கரமனைக்குத் திரும்பி நடக்கிற வழியெல்லாம் அவளுக்கு ஒரே யோசனை. ரங்கூன் அரிசி வரத்து நின்று ரேஷன் வந்துவிட்டது, சரி. இருவேளைச் சோறு ஒருவேளையாகி, மற்ற வேளைக்கு மரச்சீனிக்கிழங்கு அவிக்கிறாள், அதுவும் சரி. கிழங்குக்குப் பிடி கிடையாது. அப்படியே பார்த்தாலும் கலயம் பாதியாவது இருக்க வேண்டாமா? அடியில் கிடக்கிற அளவுக்கா வரும்? அப்படியானால் யாரோ எடுக்கிறார்கள். வீட்டில் இருப்பது மூன்று பேர். ஆரியசாலை மண்டிக்கடையில் தராசு பிடிக்கிற அவள் புருஷன் தாசையன், அடுக்களைக்குள் குனிந்து வந்தே வருஷக்கணக்காகிறது. அவள் எடுக்கவில்லை. மிச்சம் யார் என்று கண்டுபிடிக்கப் பெரிய புத்தி வேண்டியதில்லை.

ராகேல் அப்போது கிணற்றடியில் குனியமுடியாமல் குனிந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். ராஜமணியின் பெண்டாட்டி. வயிறு வெளியே தெரிய ஆரம்பித்திருந்தது. பாறசாலைக்குப் பக்கத்திலிருந்து மண்டிக்கடைக்குக் கருப்பட்டி கொண்டுவரும் பகவதிப்பெருமாளின் மகள். தராசின் இரண்டு பக்கமும் நின்று நின்று அந்த இரண்டு அப்பன்மாரும் சம்பந்தம் பேசிவிட்டார்கள். ஒரே சாதிதான், சாமிதான் வேறு. கல்யாணத்துக்கு முன்னால் ஞானஸ்நானம் கொடுத்துப் பகவதி என்ற பேரை ராகேல் என்று மாற்றினார்கள். வேதப்பாடம் முழுக்கச் சொல்லிக்கொடுத்தவள் ரத்னாபாய்தான். பெண் சுறுசுறுப்பாகப் படித்தாள். அத்தனை சுறுசுறுப்பாகப் படிக்கிறவளை எந்த அளவுக்கு நம்பலாம் என்று ரத்னாபாய்க்கு அப்போதே ஒரு சின்ன உறுத்தல் உண்டு.

அன்று சாயங்காலமே அவளுக்கு ஒரு தடயம் கிடைத்தது. விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த ராகேலின் தாடை அசைந்தது.

"வாயில என்னத்தப் போட்டுச் சவைக்கிய?"

"அரிசி மாமி."

"எந்த அரிசி?"

"சாக்குல சிந்திக் கெடந்தது. மாசமா இருக்கவளுக்கு வாய் கேக்கும்லா?" என்று சொல்லி, மீதி நாலு மணியைக் கையை விரித்துக் காட்டினாள். பயப்படவில்லை. பயப்பட்டிருந்தால் ரத்னாபாய்க்குச் சந்தேகம் வந்திருக்கும், பயப்படாததால் அது உறுதியாயிற்று. இவ்வளவு தைரியமாகக் காட்டுகிறவள் காட்டாமல் எவ்வளவு தின்பாளோ.

மறுநாள் பிடி போட்டதும் ரத்னாபாய் கலயத்து அரிசியை உள்ளங்கையால் தட்டிச் சமமாக்கி, ஆள்காட்டி விரலால் அதன்மேல் ஒரு சிலுவை கீறினாள். கை வைத்தால் சிலுவை கலையும், கள்ளி அகப்படுவாள். மறுநாள் காலையில் ஆவலாக மூடியைத் திறந்தால் சிலுவை கீறினபடியே இருந்தது. வேறொருத்தியாக இருந்தால் அந்த இடத்தில் மனம் இளகியிருக்கும். ரத்னாபாயோ மூடியைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் நின்று, ஒரு முடிவுக்கு வந்தாள். எடுக்கத் தெரிந்தவளுக்குத் திரும்பக் கீறத் தெரியாதா? ஞானஸ்நானம் வாங்கினவளுக்குச் சிலுவை போடத் தெரியாதென்று யார் சொன்னது? அடுத்தடுத்த நாட்களிலும் சிலுவை கலையவில்லை. அது கலையாமல் இருக்க இருக்க அவளுக்கு ஆத்திரம் கூடிக்கொண்டே போயிற்று.

இதற்குள் பகவதிப்பெருமாள் வேறு சேர்ந்துகொண்டார். ஆரியசாலையில் சரக்கை இறக்கிவிட்டு, வண்டியைக் கரமனைப் பாலத்தோரம் நிறுத்தி, மகளைப் பார்த்துவிட்டுப் போவது அவர் வழக்கம். வரும்போது துணியில் கருப்பட்டி இருக்கும். போகும்போது துணி வெறுமனே தோளில் கிடக்கும். அந்த வாரம் போகும்போதும் துணி மூட்டையாக இருந்தது. பின்வாசலில் அப்பனும் மகளும் குசுகுசுவென்று பேசி, ரத்னாபாயைக் கண்டதும் நிறுத்தினார்கள்.

"ஊருல கொடை வருதில்லியா மைனி, அதச் சொல்லிட்டிருந்தேன்" என்று பகவதிப்பெருமாள் தானாகவே சொன்னார்.

கொடை! அவர்கள் ஊர் முத்தாரம்மன் கோயில் கொடைத் திருவிழா. ரத்னாபாய்க்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. பசிக்காகத் திருடினால்கூடப் போகட்டும் என்று விடலாம். ஆண்டவருக்கு வைத்ததை எடுத்து அம்மனுக்குப் பொங்கலிடப் பார்க்கிறார்கள். புருஷனுக்காக நேர்ச்சை போட்டிருப்பாள். ராஜமணி பேரில் விழுந்த அரிசி ராஜமணி பேரிலேயே வேறு வாசலுக்குப் போகிறது. அங்கே அசாமில் அவன் தலைக்குமேல் ஆண்டவரும் அம்மனும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் பிள்ளைக்கு என்ன ஆகும்? அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையாகவே பயந்துபோயிருந்தாள்.

சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் அவள் அதைக் கொட்டினாள். நேருக்கு நேர் சொல்லமுடியாததை ஆண்டவரிடம் சொல்லுகிற சாக்கில் பக்கத்தில் இருப்பவர் காதில் போடுவது சபைக் குடும்பங்களில் உள்ளதுதான். ரத்னாபாய் முழங்காலிட்டு, கண்ணை இறுக மூடி, "இந்த வீட்டிலே உமக்கென்று வைத்ததில் மறைவாய்க் கை நீட்டுகிறவர்களின் இருதயத்தைத் தொடும் பிதாவே" என்று உருக்கமாகச் சொன்னாள். தாசையன் பாதித் தூக்கத்தில் "ஆமென்" என்றார். ராகேலும் ஆமென் சொன்னாள், தெளிவாக, கொஞ்சம் உரக்கவே.

அந்த ஆமென்தான் ரத்னாபாயைக் கிளப்பிவிட்டது. எழுந்து போய்க் கலயத்தைக் கொண்டுவந்து நடுவீட்டில் வைத்து, அதன் மூடிமேல் வேதப்புத்தகத்தை வைத்தாள்.

"இதுல கைய வச்சுச் சொல்லு. கலயத்துல இருந்து நீ எடுக்கல்லன்னு."

தாசையனுக்கு இப்போதுதான் தூக்கம் கலைந்தது. "என்ன பிள்ளே இது?"

"நீங்க சும்மா இரியுங்க. அவ சொல்லட்டு."

ராகேல் புத்தகத்தைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள். "நான் எடுக்கல்ல" என்றாள்.

"கைய வச்சு."

"சத்தியம் பண்ணப்படாதுன்னு நீங்கதான மாமி படிச்சுத் தந்திய. உள்ளதை உள்ளதுன்னும் இல்லாததை இல்லன்னும் சொன்னாப் போதும், அதுக்கு மேல போனா அது பிசாசுக்க வேலைன்னு சொல்லித் தந்தியளே."

அது உண்மை. கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டே சொல்லிக்கொடுத்த பாடம். அந்த இடத்தில் ராகேல் தடுமாறியபோது தலையில் குட்டித் திருத்தியதுகூட ரத்னாபாய்க்கு ஞாபகம் வந்தது.

"எடுக்காதவ பயப்படாண்டாம். பாவம் இருக்கதுனாலதான கை வரல்ல."

ராகேலுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் குரல் கெட்டியாகத்தான் வந்தது. "எங்க வீட்டுல இருந்திருந்தா சூடத்தக் கொளுத்தி அணச்சிருப்பேன் மாமி. ஊரே நம்பியிருக்கும். அதத் தொடப்படாதுன்னு சொன்னிய, விட்டேன். இதயும் தொடப்படாதுன்னு சொன்னிய. பின்ன நான் எதத் தொட்டுச் சொல்ல?"

தாசையன் புத்தகத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றி அலமாரியில் வைத்தார். மருமகளுக்காக ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும், வாய் ஒருமுறை திறந்து மூடியது. தராசில் எந்தத் தட்டு இறங்குகிறதென்று பார்க்கத் தெரிந்த மனுஷனுக்கு வீட்டில் மட்டும் முள்ளைப் பார்க்கத் துணிச்சல் இல்லை. ரத்னாபாய் கலயத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகும்போது, "இனி இந்தக் கலயத்த நீ தொறக்கப்படாது, கேட்டியா" என்றாள்.

அடுத்த வாரம் பகவதிப்பெருமாள் வந்தபோது, ஏழாம் மாதத்துக்கு முறைப்படி வந்து அழைத்துப்போகிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இப்போதே கூட்டிக்கொண்டு போங்கள் என்று ரத்னாபாய் சொல்லிவிட்டாள். இங்கே ரேஷன் அரிசிதான், ஊரில் வாய்க்கு நல்லதாக நாலு கிடைக்கும் என்று காரணம் சொன்னாள். பகவதிப்பெருமாள் மகள் முகத்தைப் பார்த்தார். கேட்கவேண்டியது எதையும் கேட்காமல், "அப்பிடியே ஆகட்டு மைனி" என்றார். புறப்படுகிற அன்று காலையில் ராகேல்தான் சோறு பொங்கி அடுக்களை வேலையைப் பார்த்தாள். ரத்னாபாய் உள்ளே வரவில்லை. வாசலிலேயே உட்கார்ந்து, உள்ளேயிருந்து என்னென்ன வெளியே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராகேல் ஒரு தகரப்பெட்டியும் ஒரு துணிமூட்டையுமாக வந்தாள். பெட்டி ரத்னாபாய்க்குத் தெரிந்ததுதான், கல்யாணத்துக்கு வந்த பெட்டி. மூட்டை தெரியாதது.

"அதுல என்ன?"

"துணி மாமி."

"அவுரு."

"மைனி..." என்றார் பகவதிப்பெருமாள். தாசையன் தெருப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ராகேல் வாசற்படியில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தாள். ராஜமணியின் பழைய வேட்டி. துவைத்துத் துவைத்து மெல்லிசாகப் போனதைச் சதுரம் சதுரமாகக் கிழித்து, ஓரம் மடக்கித் தைத்திருந்தாள். பிறக்கப்போகிற பிள்ளைக்கு விரிக்க. அடியில் அவனுடைய காலர் பிய்ந்த சட்டை ஒன்று இருந்தது. அதைக் கிழிக்கவில்லை.

"போன வாரம் கொண்டுபோனதும் இந்த வேட்டித் துணிதான் மைனி. பாதியத் தைக்கதுக்கு அவளுக்க அம்மைட்ட குடுத்து விட்டா" என்றார் பகவதிப்பெருமாள். மகளின் கையைத் தள்ளிவிட்டு, தாமே குனிந்து மூட்டையைக் கட்டினார். முடிச்சு சரியாக விழவில்லை. திரும்பத் திரும்பக் கட்டினார். ராகேல் படியிறங்கும்போது மாமியார் பக்கம் திரும்பி, போய்வருகிறேன் என்று சொல்லுகிற வழக்கத்தைக்கூட விடாமல் சொல்லிவிட்டுத்தான் போனாள். வண்டி கரமனைப் பாலத்தில் ஏறுகிற சத்தம் கேட்கிறவரை ரத்னாபாய் வாசலில் நின்றாள். மூட்டையில் அரிசி இல்லாமல் போனதால் ஒன்றும் ஆகிவிடவில்லை, முன்னமே தின்று தீர்த்திருப்பாள் என்று சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லிக்கொள்ள அன்றைக்குக் கொஞ்சம் சிரமப்பட்டாள்.

அன்று முழுதும் அவள் அடுப்பு மூட்டவில்லை. மறுநாள் காலையில்தான் அடுக்களைக்குள் போனாள். வீடு அமைதியாக இருந்தது. உலை வைத்தாள். ரேஷன் அரிசியை அளந்து சுளகில் போட்டுக் கல் பொறுக்கினாள். கண்ணை மூடி, ஒரு பிடி அள்ளி, 'ராஜமணி' என்று சொல்லிக் கலயத்தின் பக்கம் திரும்பினாள். இனிமேல் கலயம் நிறையும்.

கலயத்து மூடியின்மேல் ஒரு பூவரச இலை இருந்தது. இலைமேல் அரிசி, குவியலாக.

இது எங்கேயிருந்து வந்தது என்று முதலில் திகைத்தாள். பிறகு புரிந்தது. நேற்றுக் காலை சமைத்தவள் ராகேல். கலயத்தைத் திறக்கக்கூடாது என்று சொல்லியிருந்ததால் ஆண்டவருடைய பிடியை இலையில் வைத்து மூடிமேல் விட்டுப் போயிருக்கிறாள். பெட்டி கட்டுகிற அவசரத்திலும், மாமியார் வாசலில் காவல் இருக்கிற நேரத்திலும், அதை மறக்கவில்லை. சரி, இதையும் சேர்த்து உள்ளே போடலாம் என்று ரத்னாபாய் தன் பிடியை இலையில் அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் திறந்தாள்.

ரத்னாபாய் வைத்தது ராகேல் வைத்ததில் பாதிகூட இல்லை.

வேண்டுமென்றே நிறைய அள்ளியிருக்கிறாள், என்னைக் குத்திக்காட்ட, என்று சட்டென்று தோன்றியது. அந்த எண்ணம் ஒரு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை. ராகேலுடைய கை சின்னக் கை. வளையல் போடும்போது ரத்னாபாயே பார்த்துச் சிரித்த கை. அந்தக் கையால் குத்திக்காட்டுவதற்காக அள்ளினாலும் அதற்கு மேல் வராது. ரத்னாபாய் மறுபடி சுளகில் கையை வைத்தாள். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. கையை விரித்து அரிசிக்குள் இறக்கினாள். எடுக்கும்போது விரல்கள் தாமாகவே உள்ளே மடங்கின. கட்டைவிரல் நடுவில் போய் ஒளிந்துகொண்டது. மணிகள் இடுக்குகளில் வழிந்து சுளகிலேயே விழுந்தன. இன்னொரு தடவை அள்ளினாள். நிறைய எடுக்கவேண்டும் என்று நினைத்து அள்ளினாள். அப்போதும் அப்படியே.

எப்போதிலிருந்து என்று அவளுக்குத் தெரியவில்லை. ரேஷன் வந்த பிறகா, மருமகளுக்கு வயிறு தெரிந்த பிறகா? பிடி அள்ளும்போது சுளகில் மிச்சம் எவ்வளவு இருக்கிறது, மூன்று பேர் வயிற்றுக்குக் காணுமா என்று உள்ளே ஏதோ ஒன்று தினமும் பார்த்திருக்கிறது. அவள் கண்ணை மூடிக்கொண்டு மகன் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கை தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டிருக்கிறது. மிச்சமெல்லாம் இதோ இந்த உலைக்குள்தான் போயிருக்கிறது. ராகேல் தின்ற சோற்றில் அது இருந்திருக்கிறது, அவள் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கும் போயிருக்கும். அதை நினைத்து ஆறுதல்பட முடிகிறதா என்று பார்த்தாள். முடியவில்லை. கலையாத சிலுவைகள் எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன.

தாசையன் மண்டிக்கடைக்குக் கிளம்பித் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுக்களை வாசலில் வந்து நின்றார். வழக்கத்தில் இல்லாதது அது.

"பாறசாலைக்கு ஒரு வண்டி இன்னிக்கிப் போவுது. வண்டிக்காரன்ட்ட ஏதும் சொல்லி விடணுமா?" என்று கேட்டார். தலையைக் குனிந்துகொண்டுதான் கேட்டார்.

உலை கொதித்துத் தட்டை ஆட்டியது. ரத்னாபாய் எழுந்து வந்து, "கையக் காட்டுங்க" என்றாள். அவர் புரியாமல் வலது கையை நீட்டினார். அவள் தன் மூடிய கையை அதன்மேல் கொண்டுபோய்த் திறந்தாள்.

"இது ஒரு பிடி காணுமா?"

ஆயுசெல்லாம் சரக்கை ஏந்திப் பழகிய கை. அரிசி விழுந்ததும் அவர் நினைக்குமுன்னே அது வழக்கம்போல எடை பார்க்க எழும்பியது. எழும்பி, ஒரு பிடிக்கென்று அவர் கணக்குப் பண்ணின இடத்தில் நிற்காமல், இன்னும் மேலே போயிற்று.